ஒரே வார இறுதியில் நான்கு கச்சேரி: முதல்முறை மாட்டிக்கொண்டவர்களுக்கு

வெள்ளி இரவு ஒன்று, சனி மதியம் ஒன்று, அன்றைக்கே இரவு இன்னொன்று, ஞாயிறு மாலை ஒன்று. போனில் கேட்டபோது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் காலண்டரைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறதா? இது உங்களுக்குத்தான். நான் கீபோர்டு வாசித்துப் பிழைப்பவன், நடுநடுவே பின்பாட்டும் உண்டு. இப்படிப்பட்ட வார இறுதிகளில் செய்யக்கூடாத தப்பையெல்லாம் முறைப்படி ஒவ்வொன்றாகச் செய்து முடித்தவன்.

எப்படி வாசிப்பது என்று இதில் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வாசிக்கத் தெரியாதவரை யாரும் நான்கு இடத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நாம் கோட்டை விடுவது மேடையில் இல்லை. ஒரு மேடையிலிருந்து இறங்கி அடுத்த மேடையில் ஏறுவதற்குள் இருக்கிற நேரத்தில்தான். அதனால் பேச்சு முழுக்க அந்த நேரத்தைப் பற்றியே இருக்கும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

சனிக்கிழமை இரண்டாவது கச்சேரி இரவு 8 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் உள்ளே வருவதற்கு முன்பே, அதாவது 7 மணிக்குள், சவுண்ட் செக் முடிந்திருக்க வேண்டும். ஐந்து பேர் குழுவுக்கு அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால் 6 மணிக்கு ஒயரெல்லாம் சொருகித் தயாராக இருக்க வேண்டும். வண்டியிலிருந்து இறக்கி மாட்ட அரை மணி, ஆக 5:30. பயணம் ஒரு மணி நேரம், 4:30. முதல் இடத்தில் கழற்றிக் கட்டி ஏற்ற முக்கால் மணி, 3:45. மதியக் கச்சேரியின் கடைசிப் பாட்டு 3:45-க்கு முடிந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஏற்பாட்டாளர் "நாலு மணிக்கெல்லாம் விட்டுடுவோம்" என்று சொல்லியிருந்தால், வண்டி கிளம்பும் முன்பே கால் மணி நேரம் துண்டு விழுந்துவிட்டது. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்து நன்றியுரை என்று ஆரம்பித்தால் அது அவர் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

கணக்கு இடிக்கிறது என்றால் அதை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டாவது இடத்தில் டிரம்ஸ், ஆம்ப் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதா, வேறு குழு வாசிக்கிறதென்றால் அவர்களுடையதைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். மாட்டிக் கழற்றும் நேரம் பாதியாகிவிடும். அதுவும் முடியாதென்றால், ஒரு கச்சேரியை நம்பிக்கையான வேறொரு கலைஞருக்குக் கைமாற்றி விடுவதில் வெட்கமே வேண்டாம். தாமதமாக வந்தவரைத்தான் மறுபடி கூப்பிட மாட்டார்கள், நல்ல ஆளை அனுப்பியவரை எப்போதும் கூப்பிடுவார்கள்.

அப்படியே ஒரே குறுஞ்செய்தியில் இவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்: வண்டி எந்த வாசலில் நிற்கலாம், மேடை எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, மின்சார பாயிண்ட் மேடையில் எங்கே இருக்கிறது, சவுண்ட் பார்க்கிறவரின் எண் என்ன. லிஃப்ட் பற்றிக் கேட்காமல் போய், மூன்று மாடி கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஏறிய கையால் முதல் பாட்டை வாசித்துப் பார்த்தால் ஏன் கேட்கச் சொல்கிறேன் என்று புரியும்.

பணத்தைப் பற்றியும் இப்போதே பேசுங்கள். யார் தருவார், எப்போது தருவார், கையிலா வங்கிக் கணக்கிலா என்று எழுத்தில் இருக்கட்டும். தனிக் கச்சேரி என்றால் முடிந்த பிறகு அரை மணி நேரம் பணம் தருகிறவரைத் தேடி அலையலாம். சனி மதியம் அந்த அரை மணி நேரம் உங்களிடம் இருக்காது. அதனால் இரட்டைக் கச்சேரி நாளில் முதல் நிகழ்ச்சியின் மீதிப் பணத்தை மேடை ஏறும் முன்பே கேட்டு வாங்குவது என் வழக்கம். அடுத்த நிகழ்ச்சிக்கு ஓட வேண்டும் என்று காரணத்தோடு கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

வியாழக்கிழமை

கம்பி மாற்ற வேண்டியவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள். புதுக் கம்பி போட்டவுடன் நிற்காது. இழுத்து விட்டு, சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் வாசித்து, மறுபடி சேர்த்து என்று பலமுறை போன பிறகுதான் நிலைக்கு வரும். வெள்ளி மாலை மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பி மாற்றுகிற கிதார் வாசிப்பவர் முதல் நான்கு பாட்டுக்குச் சுருதியில் எல்லோருக்கும் கீழேதான் இருப்பார். மெல்லிய முதல் கம்பிதான் அதிகம் அறுவது என்பதால் அதில் மட்டும் உபரியாக இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டுக்காரர்கள் தங்கள் ஒலிகளையும் அமைப்புகளையும் ஒரு பென்டிரைவில் சேமித்து, அதைக் கீபோர்டு பையில் இல்லாமல் சட்டைப் பையிலோ தோள்பையிலோ வையுங்கள். இரண்டும் ஒன்றாகத் தொலைந்தால் சேமித்துப் புண்ணியமில்லை.

பாட்டு வரிசையை நான்கு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் சுருதியைக் குறியுங்கள். இது அற்பமாகத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை பாடகர் ஒரு சுருதியில் பாடிய அதே பாட்டை சனிக்கிழமை வேறொருவர் இரண்டு கட்டை கீழே பாடுவார், உங்கள் விரல் நேற்றைய பழக்கத்தில் தானாகப் போகும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் பொத்தான்) போட்டு வாசிப்பவர்கள் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதைச் சுழிக்குக் கொண்டுவருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டை மொத்தக் குழுவும் ஒரு சுருதியிலும் நீங்கள் மட்டும் இன்னொன்றிலும் ஆரம்பிக்கும்போது மேடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்னப் பை. இதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, மூன்று நாளும் தோளை விட்டு இறங்கக்கூடாது. உபரி கேபிள் இரண்டு, 9 வோல்ட் பேட்டரி, வயர்லெஸ் மைக்குக்கான பேட்டரி, துணிப் பிசின் டேப், டார்ச், சின்ன ஸ்க்ரூ டிரைவர், காது அடைப்பான், வலி மாத்திரை, பேனா, மாற்றுச் சட்டை. வயர்லெஸ்ஸில் பாதி தீர்ந்த பேட்டரியை இன்னும் ஒரு நிகழ்ச்சிக்குத் தாங்கும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிது, இல்லாவிட்டால் முழுதாக சார்ஜ் ஏற்றியது.

வெள்ளி இரவு: கையை அடக்கி வாசியுங்கள்

நான்கில் முதல் கச்சேரியில்தான் உற்சாகம் தலைக்கேறும். குரலையும் கையையும் அன்றைக்கே செலவழித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கித்தான் வாசிக்க வேண்டும். பாடுகிறவர்கள் மானிட்டரில் (மேடையில் நம்மைப் பார்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கர்) தங்கள் குரல் சரியாகக் கேட்கிற வரை சவுண்ட்காரரைத் தயங்காமல் கேளுங்கள்; தன் குரல் தனக்குக் கேட்காதவர் கத்துவார், கத்தினால் மறுநாள் தொண்டை கட்டும்.

சவுண்ட் செக்கில் உர்ரென்று ஓர் இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் எர்த் சமாச்சாரம். நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசைதான் அது. கருவியை மிக்சரோடு இணைக்கிற டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் பிளக்கின் எர்த் முனையை உடைத்தோ டேப் சுற்றியோ சொருகாதீர்கள். அவசரத்தில் யாராவது ஒருவர் இந்த யோசனையைக் கட்டாயம் சொல்வார். 1972-இல் ஸ்டோன் தி குரோஸ் என்ற குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸில் உள்ள ஸ்வான்சியில், எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டதில் மின்சாரம் தாக்கி மேடையிலேயே இறந்துபோனார். இரைச்சலோடு ஒரு கச்சேரியை முடித்துவிடலாம்.

கழற்றிக் கட்டுவதுதான் அடுத்த கச்சேரியின் ஆரம்பம்

இந்தப் பகுதியை மட்டுமாவது ஒழுங்காகப் படியுங்கள்.

எனக்கு இரட்டைக் கச்சேரி பழக்கமில்லாத காலம். மதிய நிகழ்ச்சி முடிந்தது, நன்றாகவும் போனது, கீழே இறங்கியதும் நாலு பேர் கைகுலுக்கினார்கள், நான் பேசிக்கொண்டே ஒயர்களைச் சுருட்டிப் பையில் திணித்துக் கிளம்பினேன். அடுத்த இடத்தில் ஸ்டாண்டை விரித்து, கீபோர்டை ஏற்றி, மிக்சருக்குப் போகும் கேபிளைச் சொருகி, அடாப்டருக்காகப் பைக்குள் கைவிட்டால் கேபிள், கேபிள், சஸ்டெய்ன் பெடல், மறுபடி கேபிள். பையைத் தலைகீழாகக் கொட்டினேன். இல்லை. கண்ணை மூடி யோசித்தபோதுதான் தெரிந்தது: மேடையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள், அதற்குப் பின்னால் தரையை ஒட்டி ஒரு பாயிண்ட், அதில் என் கறுப்பு அடாப்டர் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. போய்வர இரண்டு மணி நேரம். கச்சேரிக்கு ஐம்பது நிமிடம்.

சவுண்ட் பார்த்த பெரியவர் தன் பெட்டியிலிருந்து ஒரு அடாப்டரை எடுத்து நீட்டினார். முனை பொருந்தியது, ஆனால் உயிர் வரவில்லை. முனை பொருந்தினால் போதாது. வோல்டேஜ் ஒத்துப்போக வேண்டும், நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் ஒத்துப்போக வேண்டும். கிதார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். கீபோர்டுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தப்பாக மாட்டினால் கருவியே போய்விடவும் வாய்ப்புண்டு, என்னுடையது பிழைத்தது. நான் வியர்த்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, அதைக் கவுத்துப் போட்டுப் பாத்திருக்கியா?"

கவிழ்த்தேன். அடியில் ஒரு மூடி. திறந்தால் ஆறு பேட்டரி போடும் இடம். மூன்று வருடமாக அந்தக் கீபோர்டைச் சுமந்துகொண்டிருந்தேன், அப்படி ஒரு மூடி இருப்பதே தெரியாது. டிரம்ஸ் வாசிக்கிற பையன் ஓடிப்போய் ஆறு பேட்டரி வாங்கி வந்தான். இரண்டு மணி நேரம் தாங்கியது. ஒவ்வொரு பாட்டின்போதும் திரையில் இருந்த பேட்டரி அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் என்ன வாசித்தேன் என்று மட்டும் நினைவில்லை.

அன்றைக்கு அப்புறம் நான் கழற்றுகிற விதமே மாறிப்போனது. வாசித்து முடித்ததும் முதலில் சுவரிலிருந்து பிடுங்குவது அடாப்டரைத்தான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அது சேரும் இடம் கீபோர்டு உறையின் முன்பாக்கெட், வேறெங்கும் இல்லை. அடாப்டர், கேபிள், பெடல் எல்லாவற்றிலும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். இருட்டு மேடையில் கறுப்பு ஒயரை யாராலும் பார்க்க முடியாது, தவிர யார் கேபிள் எது என்ற சண்டையும் வராது. பொருட்களை எண்ணுகிறேன். என்னுடையது பதினொன்று, வரும்போது பதினொன்று, போகும்போது பதினொன்று. எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு டார்ச்சோடு ஒருமுறை வெறும் மேடைக்குத் திரும்பி வந்து துணிக்குப் பின்னால், ஸ்பீக்கருக்கு அடியில், பாடகர் தண்ணீர் வைத்திருந்த மூலையில் பார்க்கிறேன். மூன்று நிமிட வேலை. வாரத்துக்கு ஒன்றாவது கிடைக்கும், பெரும்பாலும் வேறு யாருடையதாவது.

கேபிளை முழங்கையில் சுற்றிக் கட்டாதீர்கள். ஒரே பக்கம் முறுக்கேறி உள்ளே கம்பி அறுந்துபோகும், பார்த்தால் வெளியே நன்றாகத்தான் இருக்கும். ஒரு வளையம் சாதாரணமாக, அடுத்த வளையம் கையைத் திருப்பி உட்பக்கமாக, இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் முறுக்கு விழாது. அடுத்த மேடையில் ஒரு முனையைப் பிடித்து எறிந்தால் சிக்கில்லாமல் ஓடும். பழக ஒரு நாள் மாலை போதும். அதே மாதிரி, மிக்சரில் உங்கள் சானலை மியூட் செய்யச் சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்குங்கள், முக்கியமாக 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மிக்சரிலிருந்து ஒயர் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட்டிருக்கும் சானலில். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் டமார் என்று ஒரு சத்தம் வரும், சவுண்ட்காரர் அடுத்த முறை உங்களை அந்தச் சத்தத்தோடுதான் நினைவில் வைத்திருப்பார்.

கைகுலுக்க வருகிறவர்களிடம் "அண்ணா, அடுத்த இடத்துக்கு ஓடணும், அஞ்சு நிமிஷம்" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு எண்ணி முடியுங்கள். பேசிக்கொண்டே எண்ண யாராலும் முடியாது.

நடுவில் கிடைக்கும் நேரம்

வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். பாடுகிறவர்கள் மேடை ஏறும்போது மடமடவென்று தண்ணீர் குடிப்பதில் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை. உடம்பு முழுக்கச் சேர்ந்துதான் அங்கே ஈரம் போகும், அதற்கு நேரம் பிடிக்கும். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள். நேரடியாகத் தொண்டைக்கு ஈரம் வேண்டுமென்றால் ஆவி பிடிக்கலாம். வண்டியில் பேச்சைக் குறையுங்கள். குரலைக் காப்பாற்றுகிறேன் என்று கிசுகிசுப்பதும் தொண்டையை வருத்தக்கூடியதுதான், பேசாமலே இருப்பது மேல்.

கம்பி வாத்தியக்காரர்கள் விரலை வெகுநேரம் தண்ணீரில் ஊற விடாதீர்கள். காய்த்த தோல் மெத்தென்று ஆகிவிட்டால் இரண்டாவது கச்சேரி ரணம்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, ஒரு நாளைக்கு 85 டெசிபல் சத்தம் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு 100 என்பது சாதாரணம். அதாவது முதல் நான்கு பாட்டிலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது, நீங்களோ அன்றைக்கு இரண்டு கச்சேரி வாசிக்கிறீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் காது அடைப்பான்கள் எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பஞ்சு மாதிரி நுரை அடைப்பான் உச்ச ஒலியை மட்டும் அதிகம் விழுங்கிவிடுவதால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். வாங்குவதை முதல் சம்பளத்திலேயே வாங்குங்கள். கச்சேரி முடிந்த இரவு காதில் ரீங்காரம் கேட்டால் அது வெற்றியின் ஓசை இல்லை. இடையில் பயணத்தின்போது வண்டியில் பாட்டுப் போடாமல் வாருங்கள், மற்றவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது மேடையில்

முழு சவுண்ட் செக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு லைனாகச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் தொகுப்பிலேயே எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற, அதிக சத்தமுள்ள ஒரு பாட்டில் பாதியை வாசியுங்கள். அமைதியான பாட்டை எடுத்தால் நிகழ்ச்சி நடுவில்தான் மானிட்டர் கத்தத் தொடங்கும். கச்சேரியின் முதல் பாட்டு எளிதானதாக, உங்கள் குரலுக்கும் கைக்கும் பழகியதாக இருக்கட்டும். சவுண்ட்காரர் அந்தப் பாட்டில்தான் எல்லாவற்றையும் சரிசெய்வார். வயர்லெஸ் வைத்திருப்பவர்கள் இடம் மாறியதும் அலைவரிசையை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். மதியம் சுத்தமாக இருந்தது இங்கே வேறொருவருடையதோடு மோதும்.

சுருதி சேர்ப்பதை வந்தவுடன் செய்யாதீர்கள். குளிர்ந்த வண்டியிலிருந்து சூடான மேடைக்கு வந்த கம்பி விளக்கு வெளிச்சத்தில் இறங்கும், அதே சூட்டில் புல்லாங்குழலும் சாக்ஸபோனும் ஏறும். காற்று வாத்தியத்தில் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) ஏறும், பத்து டிகிரிக்கு அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வந்துவிடும். தோல் வாத்தியம் ஈரக் காற்றில் தளரும், வறட்சியில் இறுகும். கருவிகளைப் பெட்டியைத் திறந்து மேடையிலேயே இருபது நிமிடமாவது விட்டுவைத்து, பிறகு சேருங்கள். கீபோர்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால் மற்றவர்கள் எல்லோரும் உங்களைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் டிரான்ஸ்போஸ் சுழியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'A' கட்டையை அழுத்துங்கள்.

சனி இரவு வீடு திரும்புவது

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமமாக மந்தமாகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. காலை 8 மணிக்கு எழுந்தவருக்கு அது இரவு 1 மணி. சரியாக நீங்கள் கடைசி ஸ்டாண்டை வண்டியில் ஏற்றிவிட்டு சாவியைத் தேடும் நேரம். மேடையின் பரபரப்பில் தூக்கம் தெரியாது, வண்டியில் பத்து நிமிடம் ஓடியதும் தெரியும். அதனால் யார் ஓட்டுவது என்று மதியமே முடிவு செய்யுங்கள், அவர் இரண்டு கச்சேரிக்கு நடுவில் முக்கால் மணி தூங்கட்டும், மற்றவர்கள் அவருடைய பொருட்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஆளில்லையென்றால் அங்கேயே தங்கிவிடுங்கள். கருவிகளை இரவு வண்டியில் விடவேண்டாம். திருட்டு ஒரு பக்கம், வெயில் ஏறிய வண்டியில் மரக் கருவிகளின் பசை விட்டுப்போவது இன்னொரு பக்கம்.

ஞாயிறு

ஞாயிறு காலை கருவியைத் தொடாதீர்கள். மாலை மேடைக்கு முன் பத்து நிமிடம் மெதுவாக விரலை ஓட்டினால் போதும். மணிக்கட்டிலோ முன்கையிலோ குத்துகிற மாதிரி வலி இருந்தால் அதைச் சோர்வு என்று ஒதுக்காமல், கடினமான வரிகளைக் கொஞ்சம் எளிமையாக்கி வாசியுங்கள். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது, உங்கள் கிதார் நண்பருக்கு மட்டும் தெரியும், அவரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

நான்காவது கச்சேரியில் மனம் தானாக வாசிக்கத் தொடங்கும். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இது நான்காவது இல்லை, முதலாவது. எனக்கு உதவுகிற ஒரு சின்ன வழி: கடைசி நிகழ்ச்சியின் வரிசையில் வேறு எந்த நாளும் வாசிக்காத ஒரு பாட்டை நடுவில் வைத்துவிடுவேன். அது வருகிற வரை தூங்க முடியாது.

எல்லாம் முடிந்து வண்டியில் உட்கார்ந்ததும், தூங்கிப்போவதற்கு முன், போனில் நான்கு இடத்துக்கும் ஒவ்வொரு வரி எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போகும்போது இது நினைவிருக்காது. என்னுடையதில் போன வாரம் எழுதியது இப்படி இருக்கிறது: பின்வாசல் பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம். மேடை வலப்பக்க பாயிண்டில் கரண்ட் வராது. லிஃப்டில் கீபோர்டு நிமிர்த்தினால்தான் நுழையும். சவுண்ட்காரர் நல்லவர், சீக்கிரம் வந்தால் டீ தருவார். பதினொன்று எண்ணியாச்சு.